சாய்ந்தால் ஓடும் வண்டி: மினியாப்பொலிஸ் ஆற்றங்கரையில் ஒரு சுற்றுலா

வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு, மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய ஏரியில் தோன்றி, 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. இத்தனை நெடிய பாதையில் பெரிய நீர்வீழ்ச்சி என்று சொல்லத்தக்கது ஒன்றே உண்டு. அது செயின்ட் அந்தோனி நீர்வீழ்ச்சி. அதன் இரு கரைகளிலும் வளர்ந்த நகரம் மினியாப்பொலிஸ். மரம் அறுக்கும் ஆலைகளும் மாவு ஆலைகளும் ஒரு காலத்தில் நெருங்கி நின்ற அக்கரைகள், இப்போது பூங்காக்களும் நடைபாதைகளுமாக விளங்குகின்றன. செக்வே என்னும் மின்சார வண்டி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தபின், வழிகாட்டி ஒருவர் முன் செல்ல, பயணிகள் ஆளுக்கொரு வண்டியில் நின்றபடி ஆற்றங்கரையைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் பல நகரங்களில் தோன்றிற்று. மினியாப்பொலிஸ் அவற்றுள் ஒன்று.

இச்சுற்றுலா வெறும் வேடிக்கை போலத் தோன்றும். ஆயினும் வண்டியின் இயக்கம் பௌதிக ஆசிரியர்க்கும், கரையின் வரலாறு நிலவியல், நீர்ப்பாசனம், உணவுத் தொழில் ஆகிய துறைகளின் ஊழியர்க்கும் பயன் தருவன. மேலும், வண்டி விழாமல் நிற்பதன் காரணத்தை அறியாமல் அதன்மேல் ஏறியவர் சிலர் காயமுற்றிருக்கின்றனர். எனவே முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவது தகும்.

வண்டியின் அமைப்பு

செக்வேயை உருவாக்கியவர் டீன் கேமன் என்னும் அமெரிக்கர். இருசக்கரங்களின்மேல் நிமிர்ந்து நிற்கவும் படிகளில் ஏறவும் வல்ல ஒரு சக்கர நாற்காலியை அவர் குழுவினர் முன்னரே வடிவமைத்திருந்தனர். அதில் கையாண்ட சமநிலை முறையே செக்வேக்கும் அடிப்படை. 2001-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் நாள் வண்டி பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. வருங்கால நகரங்களின் அமைப்பையே அது மாற்றிவிடும் என்று அப்போது பலர் எழுதினர். அது நிறைவேறவில்லை. விலை ஏறத்தாழ 5,000 டாலர். நடந்து செல்லும் தூரத்திற்கு அவ்வளவு பணம் கொடுக்க மக்கள் முன்வரவில்லை. காவல் துறையினரும், பண்டகசாலைகளும், சுற்றுலா நடத்துவோருமே அதை மிகுதியாக வாங்கினர்.

மிதிவண்டியில் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். செக்வேயில் அவை பக்கத்துக்கு ஒன்றாக, ஒரே நேர்க்கோட்டில் உள்ளன. அவற்றுக்கிடையே பயணி நிற்பதற்கு ஒரு சிறு மேடை. மேடையிலிருந்து மேலெழும் தண்டு. தண்டின் முடியில் கைப்பிடி. வேகத்தைக் கூட்டும் கருவியோ பிரேக்கோ கிடையாது. முன்னால் சாய்ந்தால் வண்டி முன்னே செல்லும். பின்னால் சாய்ந்தால் வேகம் தணிந்து நிற்கும். மேலும் சாய்ந்தால் பின்னோக்கி வரும். திரும்புவதற்கு முதல் மாதிரியில் கைப்பிடியில் ஒரு திருகு இருந்தது. 2006-ம் ஆண்டில் வந்த மாதிரியில் தண்டையே இடமாகவோ வலமாகவோ சாய்த்தால் போதும். இரு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார் உண்டாதலால், ஒன்றை விரைவாகவும் மற்றொன்றை மெதுவாகவும் சுழற்றி வண்டி திரும்புகிறது. ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் சுழற்றினால் நின்ற இடத்திலேயே வட்டமிடும். மிகுதியான வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்.

கைமேல் நிற்கும் குச்சி

வண்டியின் தத்துவத்தை வகுப்பறையில் விளக்க ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சி போதும். மாணவன் ஒருவன் அதை உள்ளங்கையின்மேல் செங்குத்தாக நிறுத்தட்டும். கையை அசையாமல் வைத்திருந்தால் குச்சி நொடியில் விழுந்துவிடும். அது எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமாகக் கையை நகர்த்தினால் குச்சியின் அடி, அதன் புவியீர்ப்பு மையத்துக்கு நேர்க் கீழே மீண்டும் வந்து சேரும், குச்சி நிமிரும். மறுபக்கம் சாய்ந்தால் கையும் மறுபக்கம் செல்ல வேண்டும். இங்ஙனம் இடைவிடாது திருத்திக்கொண்டிருக்கும் வரையில் குச்சி நிற்கும். செக்வேயில் பயணியே குச்சி, சக்கரங்களே கை.

இதே சோதனையை ஒரு பென்சிலைக் கொண்டு செய்தால் பெரும்பாலும் எவராலும் இயலாது. குச்சி சாய்ந்து விழுவதற்கு ஆகும் காலம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நீளம் நான்கு மடங்காயின் காலம் இரு மடங்காகும். பென்சிலின் சாய்வைக் கண் கண்டு, மூளை அறிந்து, கை நகர்வதற்குள் பென்சில் மீட்க முடியாத அளவுக்குச் சாய்ந்துவிடுகிறது. நீண்ட குச்சியோ மெதுவாகச் சாய்வதால் கைக்கு அவகாசம் கொடுக்கிறது. குச்சியின் மேல்நுனியில் சிறிது களிமண்ணை ஒட்டினால் நிறுத்துவது இன்னும் எளிதாவதைக் காணலாம்.

மனிதன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடியில் செய்யும் திருத்தத்தைச் செக்வே நொடிக்கு நூறு முறை செய்கிறது. மேடையின் சாய்வை உணர்வதற்கு அதில் ஐந்து கைரோஸ்கோப்புகள் வைக்கப்பட்டுள்ளன. இங்கு ஒரு தவறான கருத்தை நீக்க வேண்டும். பம்பரம் சுழலும் வேகத்தால் நிற்பதுபோலவே இவ்வண்டியும் கைரோஸ்கோப்புகளால் தாங்கப்பட்டு நிற்கிறது எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. இவை சுழலும் சக்கரங்களே அல்ல. சிலிக்கனால் ஆன மிகச் சிறு வளையங்கள் நுண்ணிய அதிர்வுடன் இயங்குகின்றன. வண்டி சாயும்போது அவ்வதிர்வின் திசை சிறிது பிறழ்கிறது. அப்பிறழ்ச்சியை அளந்து, எவ்வளவு வேகத்தில் சாய்கிறது என்பதைக் கணிப்பொறிக்கு அறிவிப்பது மட்டுமே அவற்றின் வேலை. கணிப்பொறி மோட்டார்களுக்குக் கட்டளையிட, சக்கரங்கள் பயணியின் அடிக்கு வந்து சேர்கின்றன. பயணி முன்னே சாய்ந்தபடியே இருந்தால் சக்கரங்களும் அவரைப் பிடிக்க ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடுவது என்பது இதுதான்: ஓயாமல் விழுவதும், ஓயாமல் தாங்கப்படுவதும்.

மிச்சம் இருக்க வேண்டிய வலிமை

குச்சிச் சோதனையில் மாணவர்கள் பெரும்பாலும் கவனியாத ஒன்று உண்டு. நிமிர்ந்து நிற்கும் குச்சியோடு முன்னே நடக்க விரும்பினால், கையை முதலில் சற்றே பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்போதுதான் குச்சி முன்பக்கம் சாயும். பிறகு அதைத் தொடர்ந்து நடக்கலாம். நிற்க வேண்டுமாயின் நேர்மாறு. கை ஒரு கணம் குச்சியை முந்திச் செல்ல வேண்டும். குச்சி பின்னுக்குச் சாயும். அதன் பிறகே வேகம் குறையும்.

செக்வேயும் இவ்விதிக்கு உட்பட்டதே. பயணி வேக வரம்பை நெருங்கும்போது, வண்டி தானே மேடையைப் பின்னுக்குச் சாய்த்துக் கைப்பிடியைப் பயணியின் பக்கம் தள்ளுகிறது. அதைச் செய்யச் சக்கரங்கள் ஒரு கணம் இன்னும் விரைவாகச் சுழல வேண்டும். அதாவது, வேகத்தைக் குறைப்பதற்கே முதலில் சிறிது கூடுதல் வேகம் தேவை. மோட்டார் தன் முழு வலிமையையும் ஏற்கெனவே செலவிட்டுவிட்டால் இது இயலாது, சக்கரங்கள் பின்தங்கும், பயணி முகம் குப்புற விழுவார். மணிக்கு 20 கிலோமீட்டர் என்னும் வரம்பு, மோட்டாரின் கடைசி எல்லையன்று. அதற்கு மேலும் சிறிது வலிமையை மிச்சம் வைத்தே அவ்வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. கைப்பிடி பின்னே தள்ளும்போது, அதை எதிர்த்து இன்னும் முன்னே சாய்பவர் அந்த மிச்சத்தையே தின்றுவிடுகிறார்.

பாட்டரி தீரும் தறுவாயிலும் இதே நிலைதான். 2003-ம் ஆண்டு செப்டம்பரில், அதுவரை விற்ற ஏறக்குறைய 6,000 வண்டிகளும் திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பாட்டரி குன்றிய நிலையில் திடீரென வேகமெடுத்தாலோ, தடையொன்றில் மோதினாலோ, மோட்டாருக்குத் தேவையான மின்சாரம் கிடைக்காமல் பயணி விழ நேர்ந்ததே காரணம். பாகம் எதுவும் மாற்றப்படவில்லை; முன்கூட்டியே எச்சரிக்கும்படி கணிப்பொறியின் கட்டளைத் தொகுப்பு மட்டும் திருத்தப்பட்டது. 2006-ம் ஆண்டில் மற்றொரு குறைக்காக 23,500 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

இறக்கத்தில் செல்லும்போது மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி, பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முழுதும் நிரம்பிய பாட்டரியோடு மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினால், வரும் மின்சாரத்துக்குப் போகுமிடம் இல்லை. அப்போதும் வண்டி எச்சரிக்கும். மேடையும் கைப்பிடியும் அதிர்வது அதன் எச்சரிக்கை மொழி. அதை உணர்ந்தவுடன் வேகத்தைக் குறைத்து இறங்கிவிடுவதே முறை.

பயணியின் எடைக்கு மேல்வரம்பு இருப்பது எவருக்கும் விளங்கும். 118 கிலோகிராமுக்கு மேற்பட்டவரை மோட்டார் உறுதியாகத் தாங்காது. ஆனால் 45 கிலோகிராம் என்னும் கீழ்வரம்பு ஏன்? மிக இலேசான சிறுவன் பின்னே சாய்ந்தாலும், வண்டியும் அவனும் சேர்ந்த மொத்தத்தின் புவியீர்ப்பு மையம் போதிய அளவு நகர்வதில்லை. அவனால் வண்டியை நிறுத்த முடியாமற் போகலாம். பெற்றோர் எவ்வளவு வேண்டினாலும் நல்ல வழிகாட்டிகள் இவ்விதியைத் தளர்த்துவதில்லை.

ஏறும் முன் பயிற்சி

சுற்றுலாவுக்கு முன் அரைமணி நேரம் அளவில் பயிற்சி நடைபெறும். தலைக்கவசம் கட்டாயம். வழிகாட்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எதிரே நிற்க, பயணி ஒரு காலை மேடையில் வைத்து, தயங்காமல் மற்றொரு காலையும் வைக்க வேண்டும். தயங்குவோருக்கே தொல்லை. ஒரு காலை மட்டும் வைத்து மேடையை அழுத்தினால் வண்டி அதைச் சாய்வு எனக் கொண்டு நகரத் தொடங்கும்.

ஏறிய முதல் நிமிஷத்தில் பெரும்பாலோர் முன்னும் பின்னுமாக ஊசலாடுவர். இதற்குக் காரணம் வண்டியன்று, பயணியே. வண்டி தன் சமநிலையைத் தானே திருத்துகிறது. பயணியும் அச்சத்தால் தம் உடலைத் திருத்துகிறார். வண்டியின் திருத்தம் நொடியில் நூறில் ஒரு பங்கிலும், பயணியின் திருத்தம் அதைவிடப் பல மடங்கு தாமதமாகவும் வருவதால், ஒன்று முடிந்தபின் மற்றொன்று எதிர்த்திசையில் தள்ளுகிறது. கட்டுப்பாட்டுப் பொறியியலில் தாமதமான திருத்தம் ஊசலாட்டத்தை வளர்க்கும் என்பர். அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. தொலைவில் உள்ள ஒரு மரத்தையோ கம்பத்தையோ நோக்கும்படி வழிகாட்டி சொல்லுவார். கண் அங்கே சென்றதும் உடல் திருத்துவதை விட்டுவிடும், ஊசலாட்டமும் நின்றுவிடும். பிறகு முழங்காலைச் சிறிது மடித்து நிற்கவும், கைப்பிடியைப் பிடித்துத் தொங்காதிருக்கவும் கற்பிக்கப்படும். புதிதாக ஏறுவோருக்கு மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேற்படாதபடி வேகத்தைக் குறைத்து வைக்கும் ஏற்பாடும் வண்டியிலேயே உண்டு.

ஈர இலைகள், மணல், பனிக்கட்டி ஆகியவற்றைத் தவிர்க்குமாறு திரும்பத் திரும்பச் சொல்லப்படும். சக்கரம் தரையைப் பற்றினால்தான் திருத்தம் நடைபெறும். வழுக்கிய சக்கரம் எவ்வளவு சுழன்றும் பயனில்லை. ஆற்றங்கரைப் பாதைகளுக்குச் சிறப்பான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2010-ம் ஆண்டு செப்டம்பர் 26-ம் நாள், அப்போது செக்வே நிறுவனத்தின் உரிமையாளராக இருந்த ஜிமி ஹெசல்டன், இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் வார்ஃப் ஆற்றின் மேலுள்ள பாறைச் சரிவிலிருந்து இவ்வண்டியோடு விழுந்து உயிரிழந்தார். பின்னோக்கி வரவும் இடம் தேவைப்படும் வண்டி இது. விளிம்பை ஒட்டி ஓட்டத் தக்கதன்று.

கரையில்

நீர்வீழ்ச்சியின் கிழக்குக் கரையில் உள்ள மெயின் வீதியில் கற்கள் பாவிய பகுதி இருக்கிறது. முழங்காலை மடிக்கச் சொன்னதன் பொருள் அங்கே விளங்கும். ஆற்றின் நடுவிலுள்ள நிக்கலட் தீவு வழியாக நகரின் இரு கரைகளையும் இணைக்கும் பாலம் இருக்கும் இடத்தில், 1855-ம் ஆண்டிலேயே ஒரு தொங்குபாலம் கட்டப்பட்டது. மிசிசிப்பியின் குறுக்கே அமைந்த முதல் நிலையான பாலம் அதுவே. அந்தப் பாலம் இன்று இல்லை. அதே இடத்தில் பின்னர் வேறு பாலங்கள் வந்தன.

வழிகாட்டிகள் நெடுநேரம் நிறுத்திப் பேசும் இடம் நீர்வீழ்ச்சி. 1680-ம் ஆண்டில் இதைக் கண்ட பாதிரியார் லூயி ஹெனப்பின் இதற்குச் செயின்ட் அந்தோனியின் பெயரைச் சூட்டினார். அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்த டக்கோட்டா மக்கள் ஒவாம்னியோம்னி என்று அழைத்து வந்தனர். பயணிகள் அங்கே பாறை மேல் விழும் அருவியை எதிர்பார்த்து, சாய்வான காங்கிரீட் தளத்தில் நீர் வழிவதைக் கண்டு ஏமாற்றம் அடைவதுண்டு. ஏமாற வேண்டியதில்லை. அத்தளம் இல்லாதிருந்தால் நீர்வீழ்ச்சியே இன்று இராது.

ஆற்றின் அடியில் மேலே கடினமான சுண்ணாம்புப் பாறை. அதன் கீழே கையால் உதிர்க்கத்தக்க மென்மையான மணற்பாறை. விழும் நீர் மணற்பாறையைக் குடைந்து அரிக்க, மேலுள்ள சுண்ணாம்புப் பாறை தாங்கலின்றி உடைந்து விழும். அருவி அவ்வளவு தூரம் பின்னுக்கு நகரும். பனியூழியின் இறுதியில், மின்னசோட்டா ஆறு மிசிசிப்பியோடு கூடும் இடத்துக்கு அருகில் இருந்த அருவி, இவ்வாறு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மேலேறி வந்துள்ளது. 19-ம் நூற்றாண்டில் நிலவியலறிஞர் வின்ச்செல், பழைய பயணிகளின் குறிப்புகளைக் கொண்டு அருவி ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நகர்ந்ததாகக் கணித்தார். அதைக்கொண்டு பனிக்கட்டி விலகி எண்ணாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று அளவிட்டார். கதிரியக்க முறைகள் தோன்றாத காலத்தில் செய்த கணக்கு அது. பனிக்கட்டி விலகியது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் என இன்று அறியப்படுகிறது. ஓர் அருவியையும் சில நாட்குறிப்புகளையும் மட்டுமே கொண்டு அவ்வளவு நெருங்கி வந்ததே வியப்பு. கணக்கு மாணவர்களுக்கு எளிய வகுத்தல் பயிற்சியாகவும் இது அமையும்.

ஆலைகளுக்கு அருவி வேண்டும். ஆனால் ஆலைகளே அதற்கு ஊறு செய்தன. கழிவுநீர் வெளியேற மணற்பாறையில் ஒரு சுரங்கம் தோண்டப்பட்டது. 1869-ம் ஆண்டு அக்டோபர் 5-ம் நாள் ஆறு அச்சுரங்கத்தில் புகுந்துவிட்டது. சுண்ணாம்புப் பாறையின் அடி முழுவதும் அரிக்கப்பட்டு, அருவி வெறும் நீர்ச்சரிவாகிவிடும் நிலை ஏற்பட்டது. ஊரார் மரங்களையும் கற்களையும் சுழலில் கொண்டு போய்க் கொட்டினர். ஆறு அவற்றை விழுங்கிவிட்டது. இறுதியில் மத்திய அரசின் பொறியாளர்கள் சுண்ணாம்புப் பாறையின் கீழே, ஆற்றின் குறுக்காக, ஏறத்தாழ 12 மீட்டர் ஆழமுள்ள காங்கிரீட் சுவர் எழுப்பினர். அது 1876-ல் முடிந்தது. அருவியின் முகப்பில் 1880-ல் மரத்தளமும், பின்னர் காங்கிரீட் தளமும் அமைந்தன. அணைகளின் கீழே நீரரிப்பைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டோர் இவ்வேலையின் அருமையை உடனே உணர்வர்.

அருவியை ஒட்டி, படகுகளை 15 மீட்டர் உயரம் ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு ஒன்று 1963-ல் திறக்கப்பட்டது. அது 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் மூடப்பட்டது. கீழ்ப்பகுதியிலிருந்து பரவி வந்த அயல்நாட்டுக் கெண்டை மீன்கள் மேல் ஆற்றை அடையாமல் தடுப்பதற்காக இம்முடிவு செய்யப்பட்டது. கப்பல் வழியை மீனுக்காக மூடியது அரிய செய்தி. மீன்துறை ஊழியர் அறிந்திருக்கத் தக்கது.

வெடித்த மாவு

மேற்குக் கரையில், இடிந்த சுவர்களுக்கு நடுவே கண்ணாடி முகப்புடன் நிற்கும் கட்டடம் வாஷ்பர்ன் மாவு ஆலையின் எச்சம். முதல் ஆலை 1874-ல் கட்டப்பட்டது. 1878-ம் ஆண்டு மே 2-ம் நாள் மாலை அது வெடித்துச் சிதறிற்று. ஆலையிலும் அண்டை ஆலைகளிலுமாக 18 பேர் உயிரிழந்தனர். நகரின் அரைவைத் திறனில் மூன்றில் ஒரு பங்கேனும் அழிந்தது. வெடிமருந்து எதுவும் அங்கே இல்லை. வெடித்தது மாவு.

இது பலரால் நம்பப்படவில்லை. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக், பெக்காம் என்னும் இருவர் சோதனைகள் செய்து, காற்றில் கலந்த மாவுத்தூசி வெடிக்கும் என்பதை நிறுவினர். காரணம் எளிது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. எரிதல் மேற்பரப்பில் நிகழ்வதாகையால், ஒரு பிடி மாவு குவியலாக இருக்கும்போது மெல்லக் கருகும். அதே மாவு அடைத்த அறையில் புகைபோல் பரவியிருந்தால் கண நேரத்தில் எரிந்து சுவர்களைத் தள்ளும். தானியம் தீர்ந்த நிலையில் அரைகற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து எழுந்த பொறியே அன்று தீ மூட்டியது எனக் கொள்ளப்பட்டது. 1880-ல் மீண்டும் கட்டப்பட்ட ஆலையில் எஃகு உருளைகளும், தூசியை உறிஞ்சி அகற்றும் கருவிகளும் வைக்கப்பட்டன. நெல், மாவு, சர்க்கரை, பஞ்சு ஆலைகளைப் பார்வையிடும் ஊழியர் எவரும் உத்தரத்தின் மேல் படிந்த தூசியை அற்பமாக எண்ணலாகாது. இதைப் பள்ளியில் செய்து காட்ட முற்படுவதும் வேண்டாம். மேற்பரப்புக் கணக்கே போதுமானது. ஆலை 1965-ல் மூடப்பட்டது. 1991-ல் தீயால் பெரிதும் அழிந்தது. 2003-ல் அச்சுவர்களுக்குள் அருங்காட்சியகம் அமைந்தது.

பாலத்தின் மேல்

ஆலையிலிருந்து கிழக்குக் கரைக்குச் செல்லும் கல்வளைவுப் பாலம் சுற்றுலாவின் மிக இனிய பகுதி. ஜேம்ஸ் ஹில் என்னும் ரயில்வே முதலாளி 1883-ல் கட்டி முடித்த இப்பாலம் 640 மீட்டர் நீளமும் 23 வளைவுகளும் கொண்டிருந்தது. கப்பல்கள் நீர்ப்பூட்டுக்குச் செல்லும் வழிக்காகப் பின்னர் இரண்டு வளைவுகள் நீக்கப்பட்டு, இரும்புச் சட்டம் பொருத்தப்பட்டது. 1978-க்குப் பின் ரயில்கள் நின்றன. 1994-ல் நடப்போர்க்கும் மிதிவண்டிகளுக்கும் திறக்கப்பட்டது. ரயிலுக்காக அமைத்ததால் மேடுபள்ளம் இல்லை. புதிய பயணிகளும் இங்கே வண்டியை மறந்து ஆற்றைப் பார்க்கத் தொடங்குவர். நடந்து செல்வோர் நடுவே செல்லும்போது மட்டும் வரிசையாக, சில மீட்டர் இடைவெளியில், நடை வேகத்தில் செல்ல வேண்டும். மின்னசோட்டாச் சட்டம் 2002-ம் ஆண்டு முதல் இவ்வண்டியில் செல்பவரை நடப்போருக்குச் சமமாகவே கருதி, அவர்க்குரிய உரிமைகளையும் கடமைகளையும் விதித்துள்ளது. எல்லா நகரங்களும் அப்படியில்லை. வல்ட்டாவா ஆற்றங்கரையில் உள்ள பிராகா நகரம், குறுகிய வீதிகளில் நடப்போர்க்கு ஏற்பட்ட இடையூறு காரணமாக, 2016-ல் நகரின் நடுப்பகுதியில் செக்வேயைத் தடை செய்துவிட்டது. அகன்ற பாதையுள்ள ஊரில் வசதியாவது நெருக்கமான ஊரில் தொல்லையாதல் இயல்பே.

பாலத்திலிருந்து ஆறு ஓடும் திசையில் நோக்கினால் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று தெரியும். அங்கு முன்பிருந்த எஃகுப் பாலம் 2007-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ம் நாள் மாலை, வாகனங்கள் நிறைந்திருந்தபோது இடிந்து ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தனர். 145 பேர் காயமுற்றனர். சட்டங்களைச் சேர்க்கும் எஃகுத் தகடுகள் சில, தேவையான கனத்தில் பாதியளவே இருந்ததை விசாரணை வெளிப்படுத்திற்று. நாற்பது ஆண்டுகள் அவை தாங்கி நின்றன; ஆனால் மிச்ச வலிமை இல்லை. சாலையில் கூடிய தளச்சுமையும், அன்று பழுதுபார்க்கக் குவித்திருந்த பொருள்களின் பாரமும் சேர்ந்தபோது முறிந்தன. புதிய பாலம் 2008-ம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் உடலுக்குள்ளேயே முந்நூறுக்கு மேற்பட்ட உணர்கருவிகள் வைக்கப்பட்டு, பாலத்தின் அசைவும் வெப்பமும் இறுக்கமும் அளக்கப்பட்டு வருகின்றன.

நெடுந்தூரம் நடக்க இயலாத முதியோரும், கால் ஊனமுற்றோரிற் சிலரும் இக்கரையை முழுதும் காண இவ்வண்டி துணைபுரிந்தது. நடக்க வல்லவர்க்கு நடையே மேல் என்று சொல்வோர் உண்டு. கல்லையும் சுவரையும் நெருங்கிப் பார்க்க அது உண்மையே. செக்வே தயாரிப்பு 2020-ம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது. சுற்றுலா நடத்துவோர் சிலர் பழைய வண்டிகளையே பழுதுபார்த்துப் பயன்படுத்தி வருகின்றனர். அத்தகைய வண்டியில் ஏறுவோர் பாட்டரியின் வயதை முதலில் கேட்டறிவது நலம்.

முடிவில் இறங்குவதற்கும் முறை உண்டு. வண்டி முற்றிலும் நின்றபின், கைப்பிடியை விடாமல், ஒரு காலைப் பின்புறமாகத் தரையில் ஊன்றி, உடனே மற்றொரு காலையும் எடுத்துவிட வேண்டும். களைப்பினால் ஒரு காலை மேடையிலேயே விட்டுப் பேசிக்கொண்டிருப்பவரை வண்டி மெல்ல இழுத்துச் செல்லும். இருவரும் இறங்கிவிட்டதாக எண்ணிக் கைப்பிடியை விட்டாலும், மின்சாரத்தை நிறுத்தாத வரையில், சாய்ந்த பக்கமாகவே அது ஆளின்றி ஓடிச் சற்றுத் தொலைவில் விழும். ஆதலால் வழிகாட்டி ஒவ்வொரு வண்டியையும் தம் கையால் வாங்கி, அணைத்து, சுவரில் சாய்த்த பின்னரே அடுத்தவரை இறங்கச் சொல்லுவார்.